கட்டில் இல்லாத இலவசக் கல்வி

"பக்கத்தில, ஒரு சதம் கட்டாமல் படிக்கக் கிடைச்சிருக்கு. பிறகென்ன விசருக்குத் தூரம் போகோணும்?"

இந்த வசனத்தைக் கேட்காமல் தர்மபுரத்திலிருந்து ஒருவரும் கம்பஸ் போயிருக்க முடியாது. அம்மா சொல்லுவா. மாமா சொல்லுவார். ரியூசன் மாஸ்டர் சொல்லுவார். லண்டனிலிருந்து பெரியப்பா வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிச் சொல்லுவார். ஏ.எல். பெறுபேறு வந்த கிழமையே தொடங்கிவிடும். பிள்ளைக்கு என்ன படிக்க விருப்பம் என்று ஒருதரும் கேட்டிருக்க மாட்டினம். எங்கே படிக்கக்கூடாது என்பது மட்டும் முடிவாகியிருக்கும்.

இதை எழுதுகிற நாங்கள் நாலு பேர். எல்லாரும் தர்மபுரமும் அயலும், எல்லாரும் கலைப்பீடம். இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் வந்தாறுமூலையில், ஒருவர் பேராதனையில். வீட்டோடு இருந்து படிப்பது நல்லதா, வெளியே போய்ப் படிப்பது நல்லதா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை முடியவில்லை. ஆனால் மேலே சொன்ன வசனம் பிழை என்பதில் நாலு பேருக்கும் ஒரே கருத்து. "பக்கம்" என்பதும் பிழை. "ஒரு சதம் கட்டாமல்" என்பதும் பிழை. இந்த இரண்டு பிழையையும் வைத்துக்கொண்டுதான் எங்கட ஊரில் பிள்ளைகளின் நாலு வருடங்களைத் தீர்மானிக்கிறார்கள்.

முதலில் பக்கம். வன்னிப் பெருநிலத்தில் இன்று பல்கலைக்கழகம் இல்லாமலில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகி, பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்களோடு நடக்கிறது. கலைப்பீடம் இரண்டு இடத்திலும் இல்லை. கலைப்பிரிவில் படித்த வன்னிப் பிள்ளைக்கு "பக்கத்து கம்பஸ்" என்றால் அது யாழ்ப்பாணம் திருநெல்வேலிதான். தர்மபுரத்திலிருந்து ஏ-35 வீதியால் பரந்தனுக்கு வந்து, அங்கே ஏ-9இல் பஸ் மாறி, ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி எல்லாம் தாண்டி, யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். எங்களில் ஒருத்தி தினமும் இப்படித்தான் போய் வருகிறாள். விடிய நாலரைக்கு எழும்புகிறாள். எட்டு மணி விரிவுரைக்குப் போய்ச் சேர்வது பஸ்காரர் கையில். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நூலகத்தில் இருந்தால் பரந்தனில் கடைசி பஸ் தப்பிவிடும். பல்கலைக்கழக நூலகத்தின் பின்னேரத்தை அவள் இன்னும் பார்த்ததில்லை. இதுதான் நீங்கள் சொல்லுற "பக்கம்".

அடுத்தது ஒரு சதம். கட்டணம் இல்லை, உண்மை. அந்த உண்மையை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. கடல் கடந்த நாடுகளில் எங்கட வயதுப் பிள்ளைகள் பட்டத்தோடு கடனையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். இங்கே அப்படியில்லை. ஆனால் கட்டணம் மட்டுமா படிப்பு? யாழ்ப்பாணத்தில் றூம் எடுத்தால் வாடகை, முற்பணம். சாப்பாடு. போட்டோக்கொப்பி. டேட்டா. மகாபொல கிடைத்தவர்களுக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவை 7,500 ஆக்கினார்கள். நல்லது, நன்றி. முப்பதால் பிரித்துப் பாருங்கோ: நாளுக்கு 250 ரூபா. இரண்டு நேரச் சோற்றுப் பார்சலுக்கே அது காணாது. இதற்குள்ளேயே படுக்க இடமும் பார்க்கச் சொல்கிறார்கள்.

விடுதி இருக்கே என்பீர்கள். இருக்கிறது. ஒதுக்கும்போது தூரமும் வீட்டு வருமானமும் பார்க்கிறார்கள்தான். ஆனால் எடுக்கிற மாணவரின் தொகை ஏறிய வேகத்தில் கட்டில்கள் ஏறவில்லை. அதனால் முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் முன்னுரிமை, இடையில் உள்ளவர்கள் வெளியே என்பது பல இடங்களில் வழக்கம். அந்த நடு வருடங்களில் பிள்ளை எங்கே படுக்கும்? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா, அம்மா, அல்லது வெளிநாட்டு மாமா.

இலவசக் கல்வியைத் தொடங்கியவர்கள் இப்படி அரைகுறையாக நினைக்கவில்லை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் 1945இல் கட்டணத்தை நீக்கியது மட்டும்தான் ஞாபகம். அவர் கட்டணத்தோடு நிற்கவில்லை. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளைத் தொடங்கினார். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எடுத்த ஏழைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்க விடுதியும் சாப்பாடும் கொடுத்தார். பள்ளிக்கூடம் இலவசம் என்று அறிவித்தால் மட்டும் தூரத்துக் கமக்காரனின் பிள்ளை படித்துவிடாது, அதற்குப் படுக்கப் பாயும் வயிற்றுக்குச் சோறும் வேணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பல்கலைக்கழகமும் அப்படித்தான். ஐவர் ஜெனிங்ஸ் பேராதனையைத் திட்டமிட்டபோது மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத்தான் திட்டமிட்டார். 1952இல் அங்கே போன மாணவர்களுக்கு விரிவுரை மண்டபம் எவ்வளவு முக்கியமோ விடுதி மண்டபமும் அவ்வளவு முக்கியம். பொன்னம்பலம் சகோதரர்கள் அருணாசலம், இராமநாதன் பெயரிலேயே அங்கே விடுதிகள் இருக்கின்றன.

ஆக, கட்டிலும் இலவசக் கல்வியின் பாதி. அந்தப் பாதி மெல்ல மெல்ல எங்களிடமிருந்து போய்விட்டது. மிஞ்சிய பாதியைக் காட்டி "எல்லாம் இலவசம்தானே" என்கிறார்கள்.

இது வெறும் காசுக் கதை என்று நினைக்க வேண்டாம். கட்டிலுக்குக் காசு கொடுக்கிறவர்தான் கட்டில் எங்கே கிடக்க வேணும் என்று முடிவெடுப்பார். அரசு கொடுத்தால் பிள்ளை முடிவெடுக்கும். குடும்பம் கொடுத்தால் குடும்பம் முடிவெடுக்கும். பதினெட்டு வயதில் வாக்குப் போடலாம். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கை எங்கட கையால் நிரப்ப முடிகிறதா?

எங்களில் ஒருத்திக்கு நடந்ததைச் சொல்லுறம். அவளுக்குப் பேராதனை விருப்பம். சமூகவியல் படிக்கோணும், அந்த நூலகத்தில் இருக்கோணும், சிங்களப் பிள்ளைகளோடும் முஸ்லிம் பிள்ளைகளோடும் ஒரே அறையில் நாலு வருடம் இருந்து பார்க்கோணும் என்று ஏ.எல். படிக்கேக்கையே சொல்லிக்கொண்டிருந்தாள். இசட் புள்ளியும் காணும். கொமினிகேசன் கடையில் ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்பும்போது மாமாவும் கூடப் போனார். அவள் பேராதனையை முதலில் போட்டாள். அடுத்த நாள் மாமா திரும்பப் போய், யாழ்ப்பாணத்தை மேலே ஏற்றிவிட்டு வந்தார். தெரிவு வந்த அன்றுதான் அவளுக்குத் தெரியும். மாமா ஒளிக்கவுமில்லை. "உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை" என்றார். நன்மைக்குத்தான். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அவள் இப்போது யாழ்ப்பாணத்தில் நல்லாத்தான் படிக்கிறாள். நல்ல விரிவுரையாளர்கள், நல்ல நண்பர்கள். குறையென்று ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் பேராதனையில் படிக்கிற எங்கள் மற்ற நண்பி விடுமுறைக்கு வந்து கதைக்கும்போது இவள் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவாள். இரண்டு வருடமாக இப்படித்தான். மாமாவுக்கு இது தெரியாது. இதை வாசித்தால் தெரியட்டும்.

தூரம் என்றால் பயம் என்கிறார்கள். எந்தத் தூரத்துக்குப் பயம் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இதே ஊரில் காணியை ஈடு வைத்து, முகம் தெரியாத ஏஜென்சிக்காரனை நம்பி, பத்தொன்பது வயதுப் பெடியனைப் பிரான்சுக்கு அனுப்புகிறார்கள். அவன் எந்த நாட்டுக் காட்டுக்குள் நிற்கிறான் என்று மாதக்கணக்காகத் தெரியாது. கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இதே ஊரில் மூன்று பிள்ளைகளின் தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். ஊர் கவலைப்படும், ஆனால் மறிக்காது. எங்கட வயதுப் பெட்டையளை ஏற்ற ஆடைத் தொழிற்சாலை பஸ் விடியக் காலமை இருட்டோடு வரும். இரவு இருட்டோடு கொண்டுவந்து விடும். அதற்கும் ஊர் பழகிவிட்டது. பேராதனைக்கு மட்டும் "பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடேலாது". அப்படியென்றால் பயம் தூரத்துக்கில்லை. காசு திரும்பி வருகிற தூரம் ஊருக்குப் பரவாயில்லை. பிள்ளை வேறு மாதிரித் திரும்பி வரக்கூடிய தூரம்தான் கண்ணுக்குள் குத்துகிறது.

இன்னொன்று. அறிவியல் நகருக்குப் போய்ப் பாருங்கோ. பொறியியல் பீடத்தில் படிக்கிறவர்களில் நிறையப் பேர் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள். பெடியளும் இருக்கிறார்கள், பெட்டையளும் இருக்கிறார்கள். ஒரு காலம் தொலைக்காட்சியில் போர்க்களமாக மட்டும் பார்த்த கிளிநொச்சிக்கு, பாஷை தெரியாத இடத்துக்கு, காலியிலும் குருநாகலிலும் இருக்கிற தாய்மார் பிள்ளைகளைப் பெட்டியோடு அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாய்மாருக்குப் பிள்ளைகளில் பாசம் குறைவா?

இந்த இடத்தில் எங்கட அம்மாமார் சொல்லுகிற பதில் ஒன்று இருக்கிறது. அதற்கு நாங்கள் நக்கலாகப் பதில் சொல்லப் போவதில்லை. "அவையின்ர பிள்ளைகள் போனால் திரும்பி வரும். எங்கட பிள்ளைகள் போய்த் திரும்பி வரேல்லையே."

எங்கட வீடுகளில் வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லக்கூடாது. "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேணும். மறந்து "போறன்" என்றால் அம்மம்மா திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பா. இது தமிழர் எல்லாரிடமும் உள்ள வழக்கம்தான். ஆனால் வன்னியில் அதற்கு வேறு பாரம். 2009 தை மாதம் ஏ-35 வீதியால் சனம் கிழக்கே கிழக்கே போனபோது எங்களுக்கு நாலைந்து வயது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, பிறகு முள்ளிவாய்க்கால். முழுசாகத் திரும்பாத குடும்பங்கள் எத்தனையோ. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தினமும் போய் வருகிற எங்கட நண்பியின் தாயும் அந்தப் பந்தலில் இருந்தவர். கணவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த மனுசி, பின்னேரம் மகள் இறங்குகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டு படலையில் நிற்கிறா. அந்த மகள் நாலரைக்கு எழும்புவது மாமா மறித்ததால் இல்லை. அவள் தானாக எடுத்த முடிவு. அவளைப் பார்த்து "நீ சுதந்திரம் இல்லாதவள்" என்று சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வராது.

பேராதனையை இழந்தவளின் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. அவளின் அம்மாயி மலையகத்தவர். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி வந்து வன்னிக் காட்டைத் துப்பரவாக்கிக் குடியேறிய சனங்களில் ஒருவர். தர்மபுரத்திலும் அயல் ஊர்களிலும் அப்படி வந்தவர்கள் நிறையப் பேர். "எங்கள அடிச்சு விரட்டுன பக்கத்துக்கே பேத்திய அனுப்பச் சொல்றீயளா?" என்று அம்மாயி கேட்டபோது அறையில் ஒருதரும் கதைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்றுவரைக்கும் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அம்மாயி தன்ர இருபதாவது வயதில், கையில் ஒன்றுமில்லாமல், தெரியாத ஊருக்கு வந்து வாழ்ந்து காட்டிய பொம்பிளை. பேத்தியின் துணிவு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

ஆகவே பயம் உண்மை. ஆனால் உண்மையான பயத்துக்கு மருந்து பிள்ளையைப் பிடித்து வைப்பது இல்லை. பாதுகாப்பான விடுதி அறை ஒன்றைக் காட்டிப் பாருங்கோ, பாதி அம்மாமார் இறங்கி வருவார்கள். எங்களில் வந்தாறுமூலைக்குப் போனவனின் தாய் முதல் கிழமை சோறு தின்னவில்லை. விடுதிக் கட்டிலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் தின்றா. பெடியனுக்கே இப்படி.

இனி எங்களைப் பற்றியும் சொல்ல வேணும். பெற்றோரின் பயத்தில் ஒரு பங்கை உற்பத்தி செய்வது நாங்கள்தான், பல்கலைக்கழக மாணவர்கள். 1997இல் பேராதனையில் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையால் இறந்தான். அடுத்த வருடம், 1998இல், பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் சீனியர் அண்ணாமார் "இது எங்கட பாரம்பரியம்" என்கிறார்கள். முதலாம் வருடப் பிள்ளையின் உடுப்பையும் நடையையும் அழுகையையும் தீர்மானிக்கிற சீனியரும், விருப்ப ஒழுங்கை மாற்றி வைக்கிற மாமாவும் எங்களுக்கு ஒரே ஆள்தான். இரண்டு பேரும் "உன்ர நன்மைக்குத்தான்" என்பார்கள். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு எதிராக ஸ்டேட்டஸ் போடுகிற எவரும் தன்ர பட்ச்சில் நடக்கிற பகிடிவதைக்கு எதிராக வாய் திறக்கவில்லை என்றால், அவர் சுதந்திரத்தைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை.

அதோடு, தூரம் போனால் தானாகச் சுதந்திரம் வந்துவிடும் என்கிற கதையையும் நாங்கள் நம்பவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு இரவும் வீடியோ கோலில் அறையைச் சுற்றிக் காட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து போய் வந்துகொண்டே தான் நினைத்த பாடத்தையும் நினைத்த நண்பர்களையும் தெரிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் கேட்பது தூரத்தை இல்லை. தெரிவை.

தெரிவு என்று சொன்னால் அதற்குக் கட்டிடம் வேணும், பணம் வேணும், பஸ் வேணும். வீட்டிலிருந்து போய் வர முடியாத மாணவர் எவருக்கும் பட்டப்படிப்பின் எல்லா வருடத்துக்கும் விடுதி வேணும். முதலும் கடைசியும் மட்டும் போதாது. உதவித்தொகை வரவு செலவுத் திட்டத்துக்கு வரவு செலவுத் திட்டம் இரக்கப்பட்டுக் கூட்டுகிற தொகையாக இல்லாமல், சாப்பாட்டு விலையோடு சேர்ந்து ஏற வேணும். ஏ-35இலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாணவர் நேரத்துக்கு ஒரு நேரடி பஸ் விட வேணும்; பின்னேர நூலகம் முடிந்த பிறகு அது திரும்பி வரவும் வேணும். வன்னியில் ஒரு கலைப்பீடம் வேணும் என்றும் கேட்கிறோம். ஆனால் "இனி எங்கட பொம்பிளைப் பிள்ளைகள் வெளியில போகத் தேவையில்லை" என்று சொல்வதற்காக அதைக் கேட்டால் எங்கட பெயரைச் சேர்க்க வேண்டாம். பேராதனைப் பிள்ளை இங்கே வந்து படிக்கவும், எங்கட பிள்ளை அங்கே போய்ப் படிக்கவும் கட்டில் இருக்கிற பீடமாக அது இருக்கட்டும்.

பெற்றோருக்கு: சொல்லுங்கோ. பயத்தைச் சொல்லுங்கோ, காசுக் கணக்கைச் சொல்லுங்கோ, "எனக்குத் தனிய இருக்கேலாது" என்று உண்மையைச் சொல்லுங்கோ. உண்மையைக் கேட்டுப் பக்கத்திலேயே நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், மேலே ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறோம். ஆனால் "இலவசம்தானே, பக்கம்தானே" என்று சொல்ல வேண்டாம். அது உங்கட பயத்தையும் மறைக்கிறது, அரசு தர வேண்டியதைத் தராமல் விட்டதையும் மறைக்கிறது.

இந்த வருடம் தர்மபுரத்திலும் விசுவமடுவிலும் கண்டாவளையிலும் விண்ணப்பம் நிரப்பப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு: கையேட்டை நீங்களே வாசியுங்கோ. விருப்ப ஒழுங்கை முதலில் கொப்பியில் எழுதி, ஏன் அந்த ஒழுங்கு என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கோ. வீட்டில் கதைக்கும்போது அந்தக் கொப்பியை வைத்துக் கதையுங்கோ. கடவுச்சொல்லை ஒருதருக்கும் குடுக்க வேண்டாம், மாமாவுக்கும்தான். திருத்தத் தரும் கடைசித் திகதிக்கு முதல் நாள் திரும்ப ஒருக்கா உள்ளே போய்ப் பாருங்கோ.

ஏ-35 பரந்தனில் முடிகிறது. வலப்பக்கம் திரும்பினால் யாழ்ப்பாணம், இடப்பக்கம் திரும்பினால் கண்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீங்கள்தான் திருப்பியதாக இருக்கட்டும். போட்டு வாங்கோ.